விந்தி நடந்த மாப்பிள்ளை

ஜோசன் நாட்டு ராஜாவுக்குப் பெண்பிள்ளைகள் ஏராளம். சுக்ரின் அவர்களில் எத்தனையாவது என்று கேட்டால் அரண்மனையில் பலரும் விரல் மடக்கித்தான் சொல்வார்கள். ராணி வயிற்றுப் பிள்ளையும் இல்லை, ராஜாவின் கண்ணில் நிற்கிற அழகியும் இல்லை. சம்பிரதாயம் மட்டும் அவளைக் கைவிடவில்லை. அவள் பிறந்தபோது கூடவே விழுந்த நஞ்சுக்கொடியைத் திரும்பத் திரும்பக் கழுவி, பீங்கான் ஜாடியில் இட்டு, ஜோசியர்கள் தேடிப் பிடித்த ஒரு குன்றின் உச்சியில் புதைத்துக் கல் நட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் அத்தனை தூரம் குதிரையில் போய் அந்த ஜாடிக்கு விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். குழந்தையைப் பார்க்க அவர் வரவில்லை. அதற்கு உத்தரவு இல்லை.

பெற்றவள் ராஜாவின் ஆசைநாயகிகளில் ஒருத்தி. மகளைவிட அந்தஸ்தில் தாழ்ந்தவள் என்பதால் அவள் மகளை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். "சாப்பிட்டீங்களா, இளவரசி?" என்று கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பாள். அம்மா என்று கூப்பிட வேண்டியது ராணியை. ராணியைச் சுக்ரின் பார்ப்பது புது வருஷப் பிறப்பன்று, அதுவும் தரையில் நெற்றி பட்டிருக்கும்போது. ராணியின் முகத்தைவிடப் பாதுகை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

தூக்கி வளர்த்தது ஒக்தான் என்கிற செவிலித்தாய். ஏழு வயதில் ஒருநாள் அவள் மடியில் கிடந்தபடி சுக்ரின் கேட்டாள்.

"ஒக்தான், நீ ஏன் என்னைத் தூக்கி வெச்சிருக்கே?"

"தூக்கி வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க, கண்ணு."

"சொல்லலேன்னா?"

ஒக்தானுக்குப் பொய் சொல்ல வராது. "சொல்லலேன்னா எங்க வீட்ல இருந்திருப்பேன். எம் மவனைத் தூக்கி வெச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பைன் கொட்டைக் கஞ்சியை இன்னொரு கரண்டி ஊட்டினாள்.

கஞ்சி தொண்டையில் இறங்கியது. கூடவே ஒரு ஆசையும் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, யாரும் சொல்லாமல் தன்னைத் தேடி வர வேண்டும். முத்துச்சரம் கேட்டிருந்தால் சுலபமாகக் கிடைத்திருக்கும்.

பன்னிரண்டு வயதானதும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க உத்தரவு வந்தது. தேர்வு முடிகிறவரை தலைநகரில் எந்தப் பெரிய வீட்டுப் பையனுக்கும் கல்யாணம் செய்யக்கூடாது, தகுந்த வயதுப் பையன்களை எல்லாம் அரண்மனைக்கு அனுப்ப வேண்டும் என்று முரசறைந்தார்கள்.

இந்த மாதிரி செய்தி முரசுக்கு முன்பே கசிந்துவிடும். அந்த வாரம் தலைநகர் ஹன்யாங்கின் கடைத்தெருவில் கல்யாணச் சாப்பாட்டுக்கான நூடுல்ஸ் மாவு ஒரு பிடி கிடைக்கவில்லை. பால்பல் விழாத பையன்களுக்கெல்லாம் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. ராஜாவின் மாப்பிள்ளை ஆவது பெரிய கௌரவம் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். ஏனென்றால் ராஜாவின் மாப்பிள்ளை பரீட்சை எழுத முடியாது, பதவி வகிக்க முடியாது, இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ள முடியாது, இளவரசி செத்துப்போனால் மறுமணமும் கிடையாது. நல்ல பட்டு உடுத்தி, நல்ல சோறு தின்று, உயிரோடு இருக்கலாம். அவ்வளவுதான்.

கல்யாணத்தில் தப்பிக்க முடியாத பையன்களுக்கு நோய் வந்தது. ஒரே தெருவில் மூன்று பேருக்குக் காக்காய் வலிப்பு. அறிஞர் மேங் அவர்களின் இரண்டாவது மகன் சிவொன் படிப்பில் கெட்டி. தகப்பனுக்கு அவனை மந்திரியாகப் பார்க்க ஆசை. அவனுக்குக் கால் விந்தல் வந்தது.

தேர்வு நாளன்று சுக்ரின் மூங்கில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அது கூடாதுதான். ஒக்தான்தான் அவளை ஒளித்துக் கூட்டிவந்தாள். முதலில் வந்தவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகவிட்டபடி நின்றான். "சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும், தம்பி?" என்று அதிகாரி கேட்டதற்கு, "மழை பெஞ்சா உதிக்காதுங்க" என்றான். அடுத்தவன் மூக்கில் மிளகாய்ப்பொடி ஏற்றிக்கொண்டு வந்து தும்மித் தும்மியே நேரத்தைப் போக்கினான். இன்னொருவனிடம் தகப்பன் பெயரைக் கேட்டதும் தன் குதிரையின் பெயரைச் சொன்னான். முதலில் சுக்ரினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறேழு பேர் போனபிறகு இது அத்தனையும் எதற்கு என்று புரிந்தது. இந்த ஊரில் தன்னிடம் வராமல் இருப்பதற்காகப் பையன்கள் பைத்தியமாகக்கூடத் தயாராக இருக்கிறார்கள்.

அப்புறம்தான் சிவொன் வந்தான். வலது காலை இழுத்து இழுத்து வந்தான். கும்பிட்டான். தேன்பலகாரத் தட்டை முன்னால் வைத்தார்கள். அவன் பலகாரத்தைத் தொடவில்லை; எதிரே மடிப்புத்திரையில் எழுதியிருந்த கவிதையை உதடு அசைய வாசிக்க ஆரம்பித்துவிட்டான். "போகலாம்" என்று குரல் கேட்டதும் தூக்கிவாரிப்போட எழுந்தான். கதவுவரை விந்தியபடி போனான். இந்தத் தடவை இடது காலை இழுத்துக்கொண்டு.

சுக்ரின் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சபையில் எல்லோரும் கண்ணைத் தாழ்த்தியே நிற்க வேண்டும். தாழ்த்திய கண்ணுக்கு முதலில் படுவது கால்தான். ஆனாலும் கால் மாறியதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அவரவர் வீட்டுப் பிள்ளையோ மருமகனோ வெளியே எச்சில் ஒழுக வரிசையில் நிற்கும்போது அடுத்தவன் காலில் என்ன குற்றம் தெரியும்? எழுத்தர் கடைசியாகப் பார்த்ததை எழுதினார்: இடது கால் சற்றுக் குறை.

ராஜா யோசிக்கவே இல்லை. "கால் சரியில்லாதவன் ஊர் சுத்தமாட்டான். வீட்டோட கிடப்பான். எம் பொண்ணுக்கு இவனே போதும்" என்றார்.

அறிஞர் மேங் அரண்மனை இருக்கும் வடக்கு நோக்கி விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. இனி 'பையனுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால் ராஜாவை ஏமாற்றிய குற்றம். வம்சத்தோடு போக வேண்டியதுதான். ஒரு பிற்பகல் விந்துவதற்காகப் பழகிக்கொண்ட பையன், இனி ஆயுசு முழுக்க விந்த வேண்டும்.

கல்யாணம் நடந்தது. ராஜா கொடுத்த புது வீட்டில் இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே தாதிகள் விரலை நாக்கில் நனைத்துக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஓட்டை போட்டுக் கண் வைத்தார்கள். முதல் நாள் மணமக்களை அப்படிப் பார்ப்பதுதான் வழக்கம். சிவொன் விளக்கை அணைக்க எழுந்தான். எழுந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றுவிட்டான். எந்தக் கால் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"இடது" என்றாள் சுக்ரின், உதடு அசையாமல்.

"எ... என்னது?"

"இடது கால். அப்படித்தான் எழுதியிருக்காங்க. உள்ள வரும்போது வலதை இழுத்தீங்க, போகும்போது இடதை இழுத்தீங்க. திரைக்குப் பின்னாடி நான் இருந்தேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ராஜாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லச் சொல்லி உத்தரவு இல்லையே."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஓட்டை வழியே பார்த்தவர்கள் 'எல்லாம் சுபம்' என்று அரண்மனைக்குச் சேதி அனுப்பினார்கள். ஆனால் சுக்ரின் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. இதுவரை தன்னிடம் உத்தரவின்பேரில் வந்தவர்களிலேயே மிக மோசமான உத்தரவின்பேரில் வந்தவன் இவன்தான்.

அவள் மாமியார் பியோ அம்மாளுக்கு வேறு கவலை. மருமகள் ராஜா வீட்டு ரத்தம். ஆகவே மாமியார்தான் குனிந்து கும்பிட வேண்டும். கும்பிட வேண்டிய நாள் வந்தால் பியோ அம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"குனியவே முடியலைங்க இளவரசியம்மா. பாழாப்போன இடுப்பு."

காலையில் அதே இடுப்போடு கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் தலை மறையக் குனிந்தவள்தான். சுக்ரின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"குனிய வேண்டாம் அத்தை. உட்காருங்க."

பியோ அம்மாள் உட்கார்ந்தாள். பிறகு சமையலறையில் போய்ப் பொரிந்து தள்ளினாள்: "பாத்தீங்களாடி? எம் மவன் வீட்ல எனக்கே உட்காருன்னு உத்தரவு போடுறா!"

சுக்ரினுடைய தலைவிதி அதுதான். அவள் என்ன சொன்னாலும் உத்தரவாகிவிடும். "பேரிக்காய் நல்லாயிருக்கு" என்று சொன்னால் மறுநாள் மூட்டை மூட்டையாகப் பேரிக்காய் வரும். வேலைக்காரி ஒருத்தியிடம் "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள், அவள் பயந்துபோய் ஊருக்கே ஓடிவிட்டாள். ஆகவே கணவனை அவள் ஒருநாளும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவான். அதுதான் பிரச்சினை.

அவன் கூப்பிடாமலே வந்தான் என்பது உண்மைதான். வந்ததும் கதவைச் சாத்துவான், முதுகை நிமிர்த்துவான், அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இரண்டு காலாலும் ஆசை தீர நடப்பான். உலகத்தில் அவன் நேராக நடக்கக்கூடிய ஒரே இடம் அந்த அறை. அவள் எம்பிராய்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் ஒரு சந்தேகம் ஊசிபோலக் குத்தும். இவன் தன்னிடம் வருகிறானா, இந்தத் தரையிடம் வருகிறானா?

வெளியே அவன் விந்தினான், வருஷக்கணக்கில். ராஜா பரிவோடு அரண்மனை வைத்தியரை அனுப்பினார். வைத்தியர் இல்லாத நோய்க்குப் பெரிய பெரிய ஊசியாகக் குத்தினார். அன்று மட்டும் சிவொன் நடிக்காமலே விந்தினான். மேங் குடும்பத்துச் சின்னப் பையன்கள் மரியாதை காட்டச் சித்தப்பா மாதிரியே இடது காலை இழுத்து நடந்தார்கள்.

ராஜாவின் மாப்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை மட்டும் உண்டு. வருஷந்தோறும் சீனத் தலைநகருக்குப் போகும் தூதுக்குழுவுக்கு அவர்களில் யாராவது தலைமை தாங்கலாம். சிவொன் அந்தப் பயணத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வைத்திருந்தான். நடந்துகொண்டே சொல்வான்: "அங்க ஒரு தெரு முழுக்கப் புத்தகக் கடைதானாம். ஆத்தைத் தாண்டிப் போனா சமவெளி, மலையே கண்ணுல படாதாம். ஒரு ஆள் வந்து அழுதுட்டுப் போனானாம், அவ்வளவு பெரிய வானமாம்." ஆனால் சக்கரவர்த்தியின் முன்னால் விந்தி நடந்தால் நாட்டுக்கே அவமானம். அவனை யாரும் அனுப்பப்போவதில்லை. அறையின் சுவர் வந்ததும் அவன் திரும்பிவிடுவான்.

ராஜா காலமானார். சுக்ரினுடைய மாற்றாந்தாய் மகன் பட்டத்துக்கு வந்தான். துக்கம் முடிந்து தம்பியைப் பார்க்கப் போனபோது அவள் வாயைத் திறந்தாள்.

"அவருக்கு வெந்நீர் ஊத்துக்குப் போயிட்டு வர அனுமதி வேணும். கால் குணமாகும்னு சொல்றாங்க."

"அக்கா, நீங்க இதுவரைக்கும் எங்ககிட்ட எதையுமே கேட்டதில்லையே?" என்று புது ராஜாவுக்கு ஆச்சரியம்.

"வேற எதுவும் தெரியலை, கேக்கறதுக்கு."

அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள். கால் குணமானால் ஊரெல்லாம் அவனுக்கு நடக்க இடம் கிடைக்கும். அறைத்தரைக்காக வர வேண்டிய அவசியம் இருக்காது. வருவானா என்பது அப்போது தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதே மேல் என்று பல்லக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

சிவொன் ஊற்றில் முங்கி எழுந்தான். கரையேறி நேராக நடந்தான். அற்புதம்! மந்திரிகள் புது ராஜாவின் தர்மமே வெந்நீரில் இறங்கிவிட்டது என்று வாழ்த்து மடல் எழுதினார்கள். அதை எழுதிக் கொடுத்தவர், மாப்பிள்ளைத் தேர்வன்று சபையில் எச்சில் ஒழுக நின்ற பையன். இப்போது சடங்குத் துறைத் துணை மந்திரி. பியோ அம்மாள் தன் விரதத்தின் பலன் என்றாள். அரண்மனை வைத்தியர் எல்லாம் தான் குத்திய ஊசி என்றார். நாடு முழுக்க இருந்த நிஜமான நொண்டிகள் அத்தனை பேரும் அந்த ஊற்றுக்குப் போய், கைப்பொருளை இழந்து, விந்தியபடியே திரும்பி வந்தார்கள். உங்கள் பக்தி போதவில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

குளிர்காலத் தூதுக்குழுவுக்குச் சிவொன் தலைவனானான். வீடு முழுக்க மொழிபெயர்ப்பாளர்கள், குதிரைக்காரர்கள். அவன் முற்றத்திலும் தெருவிலும் விறுவிறுவென்று நடந்தான். அவள் அறைப்பக்கம் வரவே நேரமில்லை. விடைபெறக்கூட அதிகாரிகள் புடைசூழ, முறைப்படி வந்து, முறைப்படி கும்பிட்டான்.

"பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள் சுக்ரின். அதுவும் உத்தரவுபோலவே ஒலித்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று மாலை ஒக்தான் அறையைப் பெருக்கினாள். அவளுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. "தரையில இந்தக் கோடு மட்டும் தேஞ்சு போயிருக்கு பாரு கண்ணு, மூலைக்கு மூலை" என்றாள். சுக்ரின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பனி உருகி, மதிலோரத்து மஞ்சள் பூக்கள் வந்தன. தூதுக்குழு நகரின் மேற்கு வாசலுக்கு வெளியே வந்து தங்கிவிட்டதாகச் சேதி வந்தது. ஆனால் ஜோசியர்கள் குறித்த நல்ல நாள் வரும்வரை நகருக்குள் வரக்கூடாது. வந்ததும் முதலில் ராஜாவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தூதர் தன் வீட்டுப்படி மிதிப்பது தண்டனைக்குரிய குற்றம். தூதருக்கு வயிற்றுப்போக்கு, கூடாரத்துக்குள் யாரும் போகக்கூடாதாம் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் பிற்பகல் பியோ அம்மாள் முற்றத்தில் சோயாக் குழம்பு ஜாடிகளுக்குள் குனிந்து நின்று வேலைக்காரிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கருவாட்டு வியாபாரி ஒருவன் வந்து நின்றான். முகத்தை மறைக்கிற நாணல் தொப்பி. மூக்குவரை துணி. முதுகில் கருவாட்டுக் கட்டு. காலை இழுத்து இழுத்து முற்றத்துக்கே வந்துவிட்டான்.

"யார்றா அவன்? நொண்டிக்கிட்டு நட்டநடு முத்தத்துக்கு வந்து நிக்கிறே? பின்வாசல் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்ல கருவாடும்மா. கிழக்குக் கடல் சரக்கு" என்றான் அவன், தொண்டை கட்டிய குரலில்.

"நாத்தம் மேற்குக் கடல் வரைக்கும் அடிக்குது. போ, போ!" பியோ அம்மாள் வேலைக்காரிகள் பக்கம் திரும்பினாள். "எம் மவனும்தான் அத்தனை வருஷம் விந்தினான். அதுல ஒரு களை இருந்துச்சு, ஒரு கௌரவம் இருந்துச்சு. இவனைப் பாருங்கடி. வலது காலைப் போட்டு இழுத்துக்கிட்டு... இதெல்லாம் ஒரு நொண்டலா?"

வேலைக்காரிகள் சிரித்தார்கள்.

கதவுக்கு உள்ளே சுக்ரினுடைய ஊசி துணியிலேயே நின்றுவிட்டது. வலது கால். இந்த வீட்டில் எல்லோருக்கும் இடது கால்தான் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு காலடி ஓசையிலேயே அடையாளம் சொல்வார்கள். அவன் வலது காலை இழுத்து நடந்ததைப் பார்த்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

அவள் விரலை நாக்கில் நனைத்தாள். கதவுக் காகிதத்தில் ஓட்டை போட்டுக் கண் வைத்தாள்.

தொப்பிக்குக் கீழே கழுத்து மட்டும் தெரிந்தது. அது போதும். அவன் இங்கே இருக்க வேண்டும் என்று ஒரு உத்தரவும் இல்லை. இருக்கவே கூடாது என்றுதான் உள்ள உத்தரவு அத்தனையும் சொல்கிறது.

'உள்ள வாங்க' என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொன்னால் எல்லாம் கெட்டது. சொல்லிவிட்டால் கூப்பிட்டதனால் வந்தவனாகிவிடுவான். முற்றத்தில் பியோ அம்மாள் அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். வியாபாரி இரண்டடி பின்வாங்கினான். வாசல் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சுக்ரின் மூச்சுவிடவில்லை.

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு அகப்பைக்கு அடியில் குனிந்து புகுந்து, வலது காலை இழுத்துக்கொண்டே ஓடி, கல்படியில் வைக்கோல் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே வந்து சாத்திக்கொண்டான்.

"ஐயய்யோ! இளவரசியம்மா அறைக்குள்ள கருவாட்டுக்காரன்!"

ஒக்தான் எங்கிருந்தோ ஓடிவந்து கதவை மறித்து உட்கார்ந்தாள். காகிதத்திலிருந்த ஓட்டையில் ஒருமுறை கண் வைத்துப் பார்த்தாள். திரும்பி, "ஏன் ஊரைக் கூட்டுறீங்க? இளவரசியம்மா கருவாடு பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

"நீ விலகுடி! உன்னை இங்க உட்காரச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைங்க" என்றாள் ஒக்தான். சொன்ன பிறகு அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே அவன் தொப்பியைக் கழற்றினான். வெயிலில் கறுத்து, தாடி வளர்ந்து, இளைத்திருந்தான். தரையில் தேய்ந்திருந்த கோட்டின்மேல் நேராக நின்றான்.

"கால் தப்பு" என்றாள் சுக்ரின்.

"தெரியும். இடதை இழுத்திருந்தா அம்மா வாசல்லயே கட்டிப்பிடிச்சு அழுதிருப்பாங்க." அவன் மூச்சு வாங்கினான். "அந்த வானத்தைப் பாத்தேன். நிஜமாவே அழுகைதான் வருது. யார்கிட்டயாவது சொல்லணுமே. நல்ல நாள் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு..."

"உங்களை யாரு வரச் சொன்னாங்க?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. தொப்பியைக் கையில் திருப்பியபடி கொஞ்சம் யோசித்தான்.

"யாரும் சொல்லலையே."

கருவாட்டு நாற்றம் அறை முழுக்க நிறைந்து, பட்டுத் துணியிலெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி அவள் யாருக்கும் உத்தரவிடவில்லை.